கேள்வியே தணிக்கை: அரசு மென்பொருளைச் சோதித்த மாணவர்களின் வரலாறு

(நீண்ட பதிவு. குறிப்பாக மாணவ நண்பர்களுக்காக எழுதியது. நேரம் இருக்கும்போது வாசிக்கவும்.)

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் உள்ளகப் பயிற்சி பற்றிய பேச்சு தொடங்கிவிடும். இவ்வாண்டு, முதுகலை மொழியியல் பயிலும் தமிழ் மாணவி ஒருவர் ஓர் அறிவிப்புடன் என் அறைக்கு வந்தார். நலத்திட்டங்கள் கணினிமயமானபின் அவை மக்களை எவ்வாறு சென்றடைகின்றன என்று ஊர்களுக்குச் சென்று சரிபார்க்க மாணவர்கள் தேவை என்பது அறிவிப்பின் சாரம். “அக்கா, இது கணினித் துறையினர் செய்யவேண்டிய வேலை அல்லவா? மொழியியல் படிக்கும் நான் போய் என்ன செய்வது?” என்று கேட்டார்.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. பிறகு யோசித்தபோது, அவருடைய ஐயத்திற்குக் கடந்த முப்பதாண்டு இந்திய வரலாற்றிலேயே விடை இருப்பதாகத் தோன்றியது. அரசின் மென்பொருள்களை மாணவர்கள் தணிக்கை செய்து கண்டுபிடித்த முக்கியமான பிழைகள் பலவும் நிரல் வரிகளில் இருந்தவை அல்ல. சொற்களுக்கு அளிக்கப்பட்ட பொருளில் இருந்தவை. திரையில் தோன்றும் ஒரு சொல்லும் அதே செய்தியைக் குறித்து மக்கள் வாயிலிருந்து வரும் சொல்லும் எங்கே பிரிகின்றன என்று கேட்டறிந்ததே அவர்களின் பணி. அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுத முயல்கிறேன்.

1. கேட்பதும் கணக்கும்

ஆங்கிலத்தின் ‘ஆடிட்’ என்னும் சொல் ‘கேட்டல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கணக்கு உரக்க வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டுச் சரிபார்ப்பவரே தணிக்கையாளர். கணக்கு முழுவதும் எழுத்தின் வசமானபின் கேட்டல் என்ற பொருள் அச்சொல்லிலிருந்து மறைந்துபோனது.

மறைந்த அப்பொருளைச் செயலளவில் மீட்டவர்கள் இராஜஸ்தானின் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும். 1990 மே 1 அன்று அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் கிராம மக்கள் இணைந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினர். பஞ்ச நிவாரணப் பணிகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கேட்டபோதெல்லாம், ‘நீங்கள் அவ்வளவு வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லை’ என்பதே அதிகாரிகளின் விடையாக இருந்தது. ஆகவே அப்பதிவேட்டைக் காட்டுமாறு மக்கள் கேட்டனர். 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்னும் ஊரில் முதல் ‘ஜன் சுன்வாயி’ நடைபெற்றது. ‘சுன்னா’ என்றால் இந்தியில் கேட்பது. ஜன் சுன்வாயி, மக்கள் கேட்கும் அவை. அவற்றில் வருகைப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊரார் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் கட்டப்படாத கட்டடங்களின் செலவுகளும் ஊரார் காதில் விழுந்த கணமே வெளிப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே தணிக்கையாளர் ஆனார்.

1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அவ்வியக்கத்தின் நெடுந்தொடர்ச்சியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. அதே ஆண்டில் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் ஊர்களில் ‘நூறு நாள் வேலை’ எனப்படுவது, தன் 17-ஆம் பிரிவில் கிராமசபை வழியான சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

2. மாணவர் வருகை

சட்டம் 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரண்டே மாதங்களில், இராஜஸ்தானின் டூங்கர்பூர் மாவட்டத்தில் 237 ஊராட்சிகளையும் தழுவிய தணிக்கை நடைப்பயணம் நிகழ்ந்தது. பல மாநிலங்களிலிருந்து வந்த தன்னார்வலர்களுடன் மாணவர்களும் அதில் நடந்தனர்.

2008 கோடையில் ஜான் திரேஸ், ரீதிகா கேரா ஆகியோரின் வழிகாட்டலில் வட இந்தியாவின் 6 மாநிலங்களில் நூறு நாள் வேலைத் தளங்கள் ஆய்வு செய்யப்பட்டன. 10 மாவட்டங்களில் 100 வேலைத் தளங்களில் ஏறத்தாழ 1000 தொழிலாளர்களைச் சந்தித்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். 2011-இல் பொது விநியோகத் திட்டம் குறித்து 9 மாநிலங்களில் 1200-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதேபோல் ஆய்வு நடந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று.

‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரும் அதற்கான மதிப்பலகும் அப்போது பரவலாக இல்லை. பயணச் செலவு, எளிய உணவு, பள்ளிக்கூடத் தரையில் படுக்கை, அவ்வளவுதான். ஆயினும் இன்றைய பயிற்சிகளின் இலக்கணம் அங்கேதான் உருவாயிற்று. முதலில் அரசு ஆவணத்தை எடுப்பது. அதில் உள்ள பெயர்களின் வீடுகளைத் தேடிச் செல்வது. ஆவணத்தில் உள்ளதை அவரிடம் வாசித்துக் காட்டுவது. அவர் சொல்வதை எழுதுவது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை ஊர் அறியச் சொல்வது.

இதே காலத்தில் ஆவணம் தாளிலிருந்து திரைக்கு நகர்ந்தது. ஆந்திரப் பிரதேச அரசு டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் உருவாக்கிய மென்பொருளைத் தன் வேலை உறுதித் திட்டத்திற்குப் பயன்படுத்தியது. பிற மாநிலங்களுக்குத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இணையதளம் இருந்தது. ஒரு கிராமத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்ற விவரத்தை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பார்க்க முடிந்தது. கோட் கிரானாவில் மக்கள் போராடிப் பெற்ற பதிவேடு, இப்போது ஒரு சொடுக்கில் கிடைத்தது. இதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆந்திரத்தின் சமூகத் தணிக்கை இந்த அச்சுப் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வீடாக நடந்தது. 2009-இல் அதற்கெனத் தனிச் சங்கமும் நிறுவப்பட்டது. அங்கே ஊர்த் தணிக்கையாளர்களாகப் பயிற்சி பெற்றவர்கள், திட்டத்தில் வேலை செய்த குடும்பங்களின் படித்த பிள்ளைகளே என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அக்கட்டத்தில் கணினி, தணிக்கைக்கு உதவும் கருவி. அடுத்த கட்டத்தில் கணினியே தணிக்கைக்கு உரிய பொருளாயிற்று.

3. ‘போலி’

2016 முதல் ஜார்க்கண்டின் நியாயவிலைக் கடைகளில் ஆதார் வழியான கைரேகைச் சரிபார்ப்பு பரவலாயிற்று. 2017 மார்ச் இறுதியில், ஆதார் இணைக்கப்படாத குடும்ப அட்டைகள் ஏப்ரல் 5 முதல் செல்லாது என்ற ஆணை பிறந்தது. அவ்வாண்டிலேயே, 11 லட்சத்திற்கும் மேற்பட்ட ‘போலி’ அட்டைகள் களையப்பட்டதாக மாநில அரசு பெருமிதத்துடன் அறிவித்தது.

இங்கே ‘போலி’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். வழக்கில் போலி அட்டை என்றால், இல்லாத ஒருவர் பெயரில் இருக்கும் அட்டை. அல்லது ஒரே குடும்பத்திற்கு இரண்டாவதாக இருக்கும் அட்டை. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, ஆதார் எண்ணுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தாலும் அட்டை நீக்கத்திற்கு உரியதாயிற்று. முதலாவது, மனிதர் உண்டா இல்லையா என்பது பற்றியது. இரண்டாவது, ஒரு கட்டம் நிரம்பியதா இல்லையா என்பது பற்றியது. நீக்கப்பட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் கண்டது உயிருள்ள, ஏழ்மையில் உழலும், உண்மையான குடும்பங்களையே. பின்னாளில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் முதலியோர் அதே மாநிலத்தில் செய்த பெரிய ஆய்விலும், நீக்கப்பட்ட அட்டைகளில் மிகப் பெரும்பான்மை உண்மையான குடும்பங்களுடையவை என்றே தெரியவந்தது.

2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் அவள் குடும்பத்தின் அட்டை முன்பே நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்று உணவு உரிமை ஆர்வலர்கள் கூறினர். காய்ச்சல் என்று அரசு மறுத்தது. மரணத்தின் காரணம் பற்றிய விவாதம் எதுவாயினும், அக்குடும்பம் போலி அன்று என்பதில் ஐயம் எழ இடமில்லை.

4. ‘வெற்றி’

2017 ஜூனில் ஜார்க்கண்டின் 32 கிராமங்களில் ஏறத்தாழ 900 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் அவ்வாண்டு டிசம்பரில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியாயின. கைரேகைச் சரிபார்ப்பால் முதியோரும் கைம்பெண்களும் பொருள் பெற முடியாமல் விலக்கப்படுகின்றனர், அலைச்சலும் செலவும் கூடியிருக்கின்றன, ஊழல் குறைந்தபாடில்லை என்பவை அதன் சாரம்.

ஊழல் ஏன் குறையவில்லை என்பதற்கான விடையும் ஒரு சொல்லில் இருக்கிறது. ஜார்க்கண்ட் கிராமங்களில் ‘கட்டௌதி’ என்பார்கள்; ‘வெட்டு’ என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் உரிய அளவில் கடைக்காரர் சிறிது பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. கருவியின் திரையில் ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று வரும். அந்த ‘வெற்றி’யின் பொருள், விரலுக்கு உரியவர் இன்னார் என்பது உறுதியாயிற்று என்பது மட்டுமே. அவர் பையில் எத்தனை கிலோ அரிசி விழுந்தது என்பதைக் கருவி அறியாது. முழு அளவுக்கு ரேகை பதிந்து, குறை அளவு பெற்றுத் திரும்பும் மூதாட்டியின் கணக்கு மைய வழங்கியில் முழு வெற்றியாகவே பதிவாகும். அடையாள மோசடிக்குச் செய்யப்பட்ட மருந்து, அளவு மோசடியை எவ்வாறு தீர்க்கும்?

இராஞ்சிக்கு அருகில் உள்ள நக்ரி ஒன்றியத்தில் 2017 அக்டோபரில் மற்றொரு சோதனை தொடங்கியது. கிலோ 1 ரூபாய்க்குக் கிடைத்த அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தப்படும்; அதை எடுத்துவந்து கடையில் கிலோ 32 ரூபாய்க்கு வாங்கவேண்டும். கோப்பில் பார்த்தால் இரண்டும் சமம். 2018 பிப்ரவரியில் மாணவத் தன்னார்வலர்கள் 13 ஊர்களில் 244 குடும்பங்களைச் சந்தித்தனர். பணம் வந்ததா, எந்தக் கணக்கில் வந்தது என்று அறிவதற்கே வங்கிக்கும், சேவை மையத்திற்கும், கடைக்குமாக மக்கள் நாள்கணக்கில் அலைந்ததை அவர்கள் பதிவு செய்தனர். 97 விழுக்காட்டினர் இம்முறை வேண்டாம் என்றனர். அம்மாத இறுதியில் மக்கள் நக்ரியிலிருந்து இராஞ்சிக்கு நடந்தே சென்று முறையிட்டனர். 2018 ஆகஸ்டில் அச்சோதனை கைவிடப்பட்டது. ஒரு சிறிய மாணவர் ஆய்வு ஓர் அரசுத் திட்டம் திரும்பப் பெறப்படுவதற்குத் துணைநின்ற நேர்வுகள் நம் நாட்டில் அதிகம் இல்லை.

5. ‘தாமதம்’

வேலை உறுதிச் சட்டத்தின்படி, வருகைப் பதிவேடு முடிந்த 15 நாட்களுக்குள் கூலி கிடைக்கவேண்டும். தவறினால் 16-ஆம் நாள் முதல் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. இணையதளத்தில் தாமதக் கணக்கும் இழப்பீட்டுக் கணக்கும் தாமாகவே உருவாகும். திரையில் நிலைமை ஓரளவு நன்றாகவே தெரிந்தது. ஊரிலோ மாதக்கணக்கில் பணம் வரவில்லை.

இப்புதிரை அவிழ்த்தவர்கள் ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி ஆகிய ஆய்வாளர்கள். பொறியாளர்களும் சமூகப் பணியாளர்களும் சமூக அறிவியலாளர்களும் சேர்ந்து இயங்கும் ‘லிப்டெக் இந்தியா’ என்ற குழுவைச் சார்ந்த பணி அது. மாணவர்கள் பயிற்சிக்காக இணையும் குழுக்களில் அதுவும் ஒன்று. 2016-17 நிதியாண்டில் 10 மாநிலங்களின் 90 லட்சத்திற்கும் மேற்பட்ட கூலிப் பரிவர்த்தனைகளை இணையதளத்திலிருந்தே எடுத்து அவர்கள் ஆராய்ந்தனர்.

கூலி இரண்டு கட்டங்களாகப் பயணம் செய்கிறது. ஒன்றிய அலுவலகம் வருகையையும் வேலை அளவையும் பதிந்து பணப் பரிமாற்ற ஆணையை உருவாக்குவது முதற்கட்டம். அவ்வாணை மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, வங்கி அமைப்புகளின் வழியே தொழிலாளியின் கணக்கைச் சேர்வது இரண்டாம் கட்டம். மென்பொருளின் ‘தாமதம்’ முதற்கட்டத்துடன் நின்றுவிட்டது. ஆணை உருவான நொடியில் கடிகாரமும் நின்றது. அதன்பின் பணம் 50 நாள் காத்திருந்தாலும் அது கணக்கில் வராது, இழப்பீடும் இல்லை. இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, குறித்த காலத்திற்குள் தொழிலாளியைச் சேர்ந்த கூலி 21 விழுக்காடு மட்டுமே.

தொழிலாளியின் அகராதியில் தாமதம் என்பது வேலை முடிந்ததற்கும் பணம் கையில் வந்ததற்கும் இடையிலான நாட்கள். மென்பொருளின் அகராதியில் அது வேலை முடிந்ததற்கும் ஓர் அலுவலர் கையொப்பமிட்டதற்கும் இடையிலான நாட்கள். நிரலில் பிழையே இல்லை. அது தனக்குச் சொல்லப்பட்டதைச் செவ்வனே செய்தது. இவ்வேறுபாட்டை 2018 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்வராஜ் அபியான் வழக்கின் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் கட்டத் தாமதத்திற்கு மத்திய அரசே பொறுப்பு என்றும், அதற்கும் இழப்பீடு உண்டு என்றும் கூறியது.

6. ‘செயலற்ற ஆதார்’: என் கோடை

நான் முதுகலை பயின்றபோது ஒரு கோடையில் ஜார்க்கண்டின் ஓர் ஒன்றியத்தில் இவ்வாறான ஆய்வுக் குழுவொன்றில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தேன். அங்கே பேசப்படும் குருக் மொழி திராவிடக் குடும்பத்தின் வடகிளையைச் சேர்ந்தது. ‘நான்’ என்பதற்கு ‘ஏன்’, ‘நீ’ என்பதற்கு ‘நீன்’ என்பார்கள். பாடநூலில் படித்த மொழியைக் காதால் கேட்கப்போகிறேன் என்ற ஆவலே அன்று பெரிதாக இருந்தது. ஆய்வின் பயன் குறித்துப் பெரிய நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அளிக்கப்பட்ட வேலை எளியது. கூலி நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலை இணையதளத்திலிருந்து எடுத்து, ஒவ்வொருவர் வீட்டிலும் வேலை அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயர்களை ஒப்பிட்டு எழுதவேண்டும். இரண்டாம் நாளிலேயே என் படிப்புக்கும் இப்பணிக்கும் உள்ள உறவு விளங்கியது. ‘ஓராவ்’ என்ற குடிப்பெயரை ஒருவர் ஓகாரத்திலும் மற்றொருவர் உகரத்திலும் தொடங்குகின்றனர். தேவநாகரியிலும் அவ்வாறே, ரோமன் எழுத்திலும் அவ்வாறே. மணமாகாதபோது ‘குமாரி’ ஆக இருந்தவர் மணத்திற்குப் பின் வங்கியில் ‘தேவி’ ஆகியிருப்பார். பேச்சுமொழி ஒன்று, எழுதியவரின் மொழி ஒன்று, தட்டச்சு செய்த எழுத்து மற்றொன்று. ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பேராக இருந்தார். ஊருக்கு அவர் ஒருவரே, மென்பொருளுக்கு மூவர்.

நிராகரிப்புக்குக் காரணமாகப் பல வரிகளில் ‘செயலற்ற ஆதார்’ என்ற குறிப்பு இருந்தது. அதை வாசித்த ஒன்றிய அலுவலக ஊழியர் ஒருவர், வயது முதிர்ந்த பெண்மணியொருவரை ஆதார் மையத்திற்கு அனுப்பியிருந்தார். அவர் மும்முறை சென்றுவந்தார். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் ஆதார் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பினர். எங்கள் குழுவின் மூத்தவர் சொன்ன பிறகே எனக்கும் தெரிந்தது: அக்குறிப்பு ஆதாரைப் பற்றியதே அன்று. பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியக் கழகத்தின் இணைப்பு அட்டவணையில், அவருடைய ஆதார் எண்ணுக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அவர் போயிருக்கவேண்டிய இடம் வங்கி. ஒரு பெயரடை தவறான பெயர்ச்சொல்லின் முன் அமர்ந்ததால் ஒரு முதியவள் மூன்று நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்தாள்.

அவரிடம் நான் இதை விளக்கியபோது, “அப்படியானால் என்மேல் தவறில்லையா, பாபு?” என்று கேட்டார். மும்முறை அலைந்ததில், தன் விரலில்தான் ஏதோ குறை என்று அவர் முடிவுசெய்திருந்தார். ‘அங்கூட்டா நஹீ லக்தா’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. நம் ஊர்க் கடைவாசல்களில் ‘ரேகை விழவில்லை’ என்போமே, அதேதான். இரண்டு தொடர்களிலும் எழுவாய் மனிதரின் உடல். கருவி எவ்விடத்திலும் எழுவாயாக வருவதில்லை. இயந்திரத்தின் பிழை, மொழியில் மனிதரின் பிழையாக மாறிவிடுவதை அன்றுதான் கண்டேன். என் இன்றைய ஆய்வுத் தலைப்பு அந்தத் திண்ணையிலிருந்து வந்தது.

7. எச்சரிக்கைகள்

இவ்வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது.

முதலாவது, யார் இப்பயிற்சிக்குப் போக முடிகிறது? கோடையில் வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய நிலையில் இருக்கும் மாணவர் ஊதியமற்ற பயிற்சிக்குச் செல்ல இயலாது. ஆந்திரத்தில் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் ஊதியத்துடன் தணிக்கை செய்ததற்கும், பெருநகர மாணவர்கள் நான்கு வாரம் வந்துபோவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னவர் சான்றிதழுடன் திரும்புகிறார். உண்மையைச் சொன்ன ஊரார் கடைக்காரரின் கோபத்துடன் அங்கேயே இருக்கிறார்.

இரண்டாவது, 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் உள்ளகப் பயிற்சிக்கு மதிப்பலகுகள் வந்துவிட்டன. நல்லதே. ஆனால் எந்தத் துறையைச் சோதிக்கவேண்டுமோ, அதே துறையின் அலுவலகத்தில் அமர்ந்து, அத்துறையின் சான்றிதழுக்காகப் பணிபுரியும் மாணவர் எதை எழுதுவார்? தகவல் பலகைக்கு அழகிய வரைபடம் செய்வது பயனுள்ள வேலையாக இருக்கலாம். அதற்குத் தணிக்கை என்று பெயரிடலாகாது.

மூன்றாவது, தரவுகளின் திறந்த தன்மை. மேற்கூறிய ஆய்வுகள் அனைத்தும் பட்டியல்கள் பொதுவெளியில் இருந்ததாலேயே சாத்தியமாயின. இன்று இணையதளத்தின் அறிக்கைகளைத் திறக்கவே புதிர் எண்களுக்கு விடையளிக்கவேண்டியிருக்கிறது. 90 லட்சம் வரிகளை நிரல் எழுதி எடுப்பது முன்போல் எளிதன்று. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விதிவிலக்கை விரிவாக்கியது. கேட்கப்படும் தகவல் பொது நடவடிக்கையோடு தொடர்புடையதா என்ற சோதனை அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. வருகைப் பதிவேடு பெயர்களால் ஆனது. பெயர்களை வாசிக்க முடியாவிட்டால் ஜன் சுன்வாயியே இல்லை.

அதேவேளை மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2017-இல் இணையம் மற்றும் சமூகத்திற்கான மையம் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை உறுதித் திட்டம் உள்ளிட்ட அரசு இணையதளங்களின் வழியே சுமார் 13 கோடி ஆதார் எண்கள் பொதுவெளியில் கசிந்திருக்கக்கூடும். ஊர் அறியவேண்டியது, யாருக்கு எவ்வளவு கூலி வழங்கப்பட்டது என்பது. அவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் ஊருக்குத் தேவையில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று மக்களுடன் அமர்ந்து முடிவுசெய்தால் இரண்டையும் காக்க முடியும். 2019 செப்டம்பரில் இராஜஸ்தான் அரசு தொடங்கிய ‘ஜன் சூச்னா’ தளம் சமூக அமைப்புகளுடன் உரையாடி வடிவமைக்கப்பட்டது. தகவலைக் கேட்காமலே வெளியிடவேண்டும் என்ற தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை அது செயல்படுத்த முயன்றது. தணிக்கை, திட்டம் முடிந்தபின் வரும் விசாரணையாக இருக்கவேண்டியதில்லை. வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இருக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

அரசின் முறையான தணிக்கைக்கும் தனி இடம் உண்டு. ஆதார் ஆணையம் பற்றி 2022-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 4.75 லட்சத்திற்கும் மேற்பட்ட எண்கள் இரட்டைப் பதிவு என நீக்கப்பட்டதைச் சுட்டியது. கோப்புகளையும் வழங்கிகளையும் திறந்துபார்க்கும் அதிகாரம் அவருக்கே உண்டு, மாணவருக்கு இல்லை. ஆனால் அவ்வறிக்கையின் வழியே நியாயவிலைக் கடை வாசலில் நிற்பவரின் குரல் நமக்குக் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டியவை.

8. மாணவிக்கு என் விடை

கணினித் துறை நண்பர்கள் இப்பணிக்கு இன்றியமையாதவர்கள். அவர்கள் இல்லாமல் 90 லட்சம் வரிகளை யாரும் எண்ணியிருக்க முடியாது. ஆனால் எதை எண்ணவேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னது, ‘பணம் இன்னும் வரவில்லை’ என்ற தொழிலாளியின் சொல். அதைக் கேட்டு, அதன் பொருளை அவர் கருதிய விதத்திலேயே எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும்.

ஆகவே போய் வாருங்கள். போகும்போது மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். மக்கள் சொல்வதை உங்கள் படிவத்தின் சொல்லுக்கு மாற்றுவதற்கு முன், அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒருமுறை எழுதிவையுங்கள். திரையில் காணும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் பார்த்து, ‘இதன் கடிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது’ என்று கேளுங்கள். திரும்புவதற்கு முன், நீங்கள் கண்டறிந்ததை அந்த ஊரிலேயே, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ‘இல்லை’ என்று தலையசைத்தால் உங்கள் அறிக்கையைத் திருத்துங்கள்.

‘தணிக்கை’ என்ற சொல்லைத் தமிழில் கணக்கைச் சரிபார்ப்பதற்கும் திரைப்படத்தில் காட்சியை வெட்டுவதற்கும் ஒன்றாகவே வழங்குகிறோம். எனக்கு அதில் சிறு சங்கடம் எப்போதும் உண்டு. நம்மிடம் அதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே ‘கேள்வி’ எனப் பெயரிட்டார். அங்கே அதன் பொருள் செவியால் கேட்டறிதல். இன்று அதே சொல்லால் வினா எழுப்புவதைக் குறிக்கிறோம். முதலில் கேட்டறிவது, பிறகு வினவுவது. கோட் கிரானா தொடங்கி நக்ரி வரை நடந்தவை அனைத்தும் இவ்விரண்டிலும் அடங்கிவிடும். நீங்கள் செய்யப்போவதும் அதுவே.

(இவ்வகைப் பயிற்சிகளுக்குச் சென்றுவந்த நண்பர்கள், திரையில் ஒரு பொருளும் ஊரில் வேறொரு பொருளும் கொண்ட சொற்களைக் கண்டிருந்தால் எழுதுங்கள். தொகுத்து வைத்தால் அடுத்து வரும் மாணவர்களுக்கு உதவும்.)